கலெக்டர் வராங்க

மனிதர்களை 'வா, போ' என்றும் மிஷின்களை 'வாங்க, போங்க' என்றும் அழைத்த ஒரே ஜீவன் இந்தப் பூமியில் எங்கள் 'மிஸ்டு கால்'தான். இதை எந்தச் சபையில் கேட்டாலும் சொல்வேன். முதலாளி எதிரில் வந்தால், "இன்னா மொதலாளி, சாப்டியா?" என்பார். மூலையில் நிற்கும் லேத் மிஷினைக் காட்டி, "அவங்க இன்னும் சாப்புடல. கூலன்ட் கம்மியா இருக்குது பாரு" என்பார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கோட்டு போட்டு வந்த ஒரு பெரிய கம்பெனி அதிகாரியிடம், "தள்ளி நில்லு. அவங்க வேல செய்யறாங்க இல்ல?" என்று அதட்டினார். அதிகாரி, பின்னால் யாரோ பெண் ஊழியர் நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பி, 'சாரி மேடம்' என்று லேத்திடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால், புது வீடுகளுக்கு நடுவில் ஒரு தகர ஷெட். உள்ளே நான்கு சி.என்.சி. மிஷின்கள். கம்ப்யூட்டரில் அளவைத் தட்டிவிட்டால் தானாகவே இரும்பைக் கடைந்து தள்ளும். பைக்குக்குள் எங்கேயோ போய் உட்காரும் சின்னச் சின்ன பாகங்களை அங்கே செய்தார்கள். சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய் ஊர் திரும்பியிருந்த நான், அந்த ஷெட்டின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து டெலிவரி சலான் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய உத்தியோகம் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடி வழியாக நாள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம்.

வேடிக்கையில் பெரும்பங்கு மிஸ்டு கால். மிஷின் படுத்தால் எழுப்புவதுதான் அவர் வேலை. நான்கு மிஷின்களுக்கும் உறவுமுறை வைத்திருந்தார். வாசலில் இருந்து வரிசையாகப் பெரியம்மா, சின்னம்மா, அண்ணி. கடைசியில் மூலையில் அத்தை. அவர் தலையில் எப்போதும் குளியலறையில் பெண்கள் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி. ஷெட்டில் பறக்கும் எண்ணெய் பட்டால் முடி கொட்டிவிடுமாம். கொட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரும்பு வேகமாகச் சுற்றும்போது சூடேறாமல் இருக்க, கூலன்ட் என்று எண்ணெய் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். அது அந்த வேகத்திலும் சூட்டிலும் பொடிப்பொடியாகச் சிதறி, வெள்ளையாக மிதக்கும். மிஷின் கதவைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்கும். நாங்கள் அதைப் புகை என்போம். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பொக இல்லடா. பொகன்னா எதனா எரியணும். இங்க இன்னா எரியுது, உன் வயிறா? இது மிஸ்டு. பனி மாதிரி, எண்ண மிஸ்டு."

காலையில் மிஸ்டு, மத்தியானம் மிஸ்டு, வீட்டுக்குக் கிளம்பும்போதும் மிஸ்டு. யாரோ ஒரு புண்ணியவான் பின்னால் 'கால்' சேர்த்தான். சம்பளப் பட்டியலில் அவருடைய சொந்தப் பெயரை நானே பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டது.

இந்தப் பெயரால் வந்த வம்புகளும் உண்டு. ஒருநாள் முதலாளி வெளியே மாட்டிக்கொண்டு, வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, "அவசரம்யா, உடனே மிஸ்டு கால அனுப்பு" என்றார். வாட்ச்மேன் விசுவாசமான ஆள். உடனே அனுப்பினார். முதலாளியின் போன் ஒருமுறை கத்திவிட்டு நின்றது. அவர் திரும்பக் கூப்பிட்டு, "ஆள் எங்கய்யா?" என்று கேட்க, "நீங்க கேட்டதத்தான் மொதலாளி அனுப்பனேன். வரலியா? இன்னொன்னு அனுப்பட்டுமா?" என்றார் வாட்ச்மேன்.

மூலையில் இருந்த அத்தையை ஓட்டியவள் பர்வீன். டவுனுக்குள் தலைமுறையாக டெய்லர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்து, ஷெட்டில் ஒரே பெண்ணாக நின்றாள். வேலையில் கெட்டி. ஆனால் மூலை மிஷின் என்பதால் நாலு மிஷினின் மிஸ்டும் கடைசியில் அவள் பக்கம்தான் வந்து தங்கும். மாஸ்க் போட்டுப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் அது வடை மடித்த பேப்பர் மாதிரி ஆகிவிடும். கழற்றி எறிந்துவிட்டு இருமுவாள். மிஷின் நின்ற பிறகும் அந்த இருமல் நிற்காது.

டாக்டர், "ஒண்ணு அந்தக் காத்த மாத்து, இல்ல வேலைய மாத்து" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். ரம்ஜான் முடிந்ததும் நின்றுவிட வேண்டும், துணிக்கடையில் சொல்லி வைத்தாயிற்று என்று முடிவே செய்துவிட்டார்கள்.

"துணிக்கடையில நின்னுகினு, 'வாங்கக்கா, இன்னா கலர் பாக்கறீங்க'ன்னு கேக்கறதெல்லாம் எனக்கு வராது சார்" என்று என்னிடம் சொன்னாள். "எனக்கு இந்த வேலதான் தெரியும். இதுதான் புடிக்கும். மூச்சு ஒண்ணுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

அவள் போய்விடக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஏதாவது செய்தவர் மிஸ்டு கால் ஒருவர்தான். செய்ததையெல்லாம் தப்பாகவே செய்தார்.

முதலில் ஜன்னலில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்தினார். ஷெட்டுக்குள் காற்று பளிச்சென்று ஆனது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் அரசு அலுவலர். வேங்கிக்காலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கொடியில் வரிசையாக வெள்ளைச் சட்டைகள் காயும். இரண்டாம் நாள் அந்த அம்மா ஒரு சட்டையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றார்.

"யாருய்யா அது, எங்க வூட்டுக்காரர் சட்டைக்குத் தாளிச்சு வுட்டது?"

ஃபேன் அன்றே கழற்றப்பட்டது.

அடுத்து, பழைய வேட்டிகளைச் சேகரித்து அத்தைக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினார். மிஸ்டு மேலே போய் வேட்டியில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டிக்கொண்டதும் உண்மைதான். நன்றாக ஊறியதும் வேட்டி தன்னிடம் இருந்ததையெல்லாம் மொத்தமாகப் பர்வீன் தலையில் இறக்கியது. அவள் சொட்டச் சொட்ட வந்து நின்று, "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குதுண்ணா, அதுக்குள்ள எண்ண தேச்சு வுட்டுட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். மிஸ்டு கால் சிரிக்கவில்லை. வேட்டிகளை அவிழ்த்துக் கொண்டுபோய் எங்கேயோ போட்டார்.

மூன்றாவது யோசனை கொஞ்சம் வேலை செய்தது. கடைசல் முடிந்தவுடனே கதவைத் திறக்கக் கூடாது, உள்ளே மிதப்பது அடங்கட்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. கணக்கு முடிக்கிற அவசரத்தில் எல்லோரும் படாரென்று திறப்பார்கள். அதனால் ஒரு மரியாதையைக் கட்டாயமாக்கினார். கதவைத் திறக்கும் முன், "பெரியம்மா, வரலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க வேண்டும். "அவங்க மூச்சு வுட்டு முடிக்கட்டும்டா. வூட்டுக்குள்ள நொழையறவன் கதவத் தட்ட மாட்டியா?" என்பார். பையன்கள் கேலிக்காகவே ராகம் போட்டுக் கேட்டார்கள். ராகம் நீள நீள மிஸ்டு அடங்கியது. உற்பத்தியும் அடங்கியது. முதலாளி வந்து பார்த்தார். ஆளாளுக்கு மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அனுமதிக்குக் காத்திருந்தார்கள். அன்றோடு அந்த வழக்கம் நின்றது. பர்வீன் மட்டும் முதலாளி இல்லாத நேரத்தில் மெதுவாக, "அத்த, வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலா என்கிற நிலக்கடலை போட்டு, செக்கு வைத்து ஆட்டிய குடும்பம். எண்ணெய் என்றாலே அவருக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிடும். மிஸ்டை உறிஞ்சி எடுக்க ஒரு பெட்டி இருக்கிறது, மிஷின் தலையில் உட்கார வைத்தால் போதும் என்று மிஸ்டு கால் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"எங்கப்பா ஆயுசுக்கும் எண்ண வாசனையிலதான்யா இருந்தாரு. ஒரு தும்மல் கெடயாது."

"உங்கப்பா கடல எண்ணைய மோந்தாரு. இது கடலையா? நீ வந்து மூலையில நின்னு பாரு."

நின்றார். மிஸ்டு கால் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் முதலாளியின் நெற்றியைத் துடைத்து, அவர் கண்ணெதிரிலேயே விரித்தார். "பாரு. இப்பத்தான் வந்த, அதுக்குள்ள நெத்தியில அப்பளம் பொரிக்கலாம்." முதலாளிக்கு ரோஷம் வந்து, அந்தப் பெட்டிப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அதற்குள் நோன்பு மாதம் பிறந்துவிட்டது. பர்வீன் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்று இருமுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. மிஸ்டு கால் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு, ஷெட்டுக்குப் பின்னால் நின்று யாரிடமோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் அந்த உறிஞ்சும் பெட்டியை விற்கும் ஒரு டீலர் என்று பின்னால் தெரிந்தது. ஓட்டிப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பட்டும் என்கிற அளவுக்கு அந்த மனிதரைக் கரைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மிஸ்டு கால் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் சொன்னார்:

"நாளைக்குக் காலையில கலெக்டர் வராங்க. கேட்ட ரெண்டு பக்கமும் தொறந்து வையி. நேரா பர்வீன் மிஷினாண்ட போயிடுவாங்க. வழியில ஒரு துரும்பு இருக்கக் கூடாது, அவங்களுக்கு ஆட்டம் ஆவாது."

சொல்லிவிட்டுப் போனை அணைத்துக்கொண்டு போய்விட்டார். வேலை முடிந்தால் அவர் போன் எடுக்க மாட்டார். அந்த வகையில் பெயருக்குப் பொருத்தமானவர்.

அந்தப் பெட்டியை இங்கிலீஷில் 'மிஸ்ட் கலெக்டர்' என்பார்கள். மிஸ்டைச் சேகரிப்பதால் கலெக்டர். அப்போது இது எனக்கே தெரியாது. வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும்? கூப்பிடு தூரத்தில் கலெக்டர் ஆபீஸை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், கலெக்டர் வராங்க என்றால் என்ன அர்த்தமோ அதையே அவர் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். மாவட்டத்தையே ஆளும் நிஜ கலெக்டராக இருந்திருந்தால் மிஸ்டு கால் 'வரான்' என்றுதான் சொல்லியிருப்பார் என்பது எங்களில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

முதலாளி வீட்டில் அன்று இரண்டு கட்சி. எதற்காவது விருது கொடுக்கத்தான் வருகிறார் என்றார் முதலாளி. பூட்டுப் போடத்தான் வருகிறார் என்றார் அவர் மனைவி. எதுவாக இருந்தாலும் மாலை போட வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

திங்கள் காலை நான் போனபோது ஷெட்டை அடையாளம் தெரியவில்லை. தரை கழுவிக் கோலம் போட்டிருந்தது. ஷாமியானா, பன்னீர் செம்பு, பாதாம் பால். கோயில் ஊரில் மேளத்துக்கா பஞ்சம். தவிலும் நாதஸ்வரமும் வாசலில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன. முதலாளி பட்டு வேட்டியில், ஆள் உயர ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வியர்த்தபடி நின்றார். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள் வேறு. ஆபீஸுக்குப் போய்க் கூட்டத்தில் நிற்பதற்கு இங்கேயே கொடுத்துவிடலாம் என்று தெருவே திரண்டிருந்தது. சாக்கடைக்கு ஒருவர், தெரு விளக்குக்கு ஒருவர். வரிசையில் முதல் ஆளாக, கையில் மனுவோடு பக்கத்து வீட்டு அம்மா. மனு எங்கள் ஷெட்டைப் பற்றியது. ஆதாரத்துக்குச் சட்டையும் கொண்டுவந்திருந்தார்.

ஒரு குட்டியானை லோடு வண்டி தெருமுனையில் திரும்பியது. 'வண்டி வந்ததும் வாசிங்க' என்று சொல்லப்பட்டிருந்ததால் மேளக்காரர்கள் பிளந்து கட்டினார்கள். வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. பின்னால், தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு, ஒரு பெரிய பெட்டியைக் குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மிஸ்டு கால் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பரவால்லியே மொதலாளி! உனக்கு இவ்ளோ மரியாத தெரியும்னு எனக்குத் தெரியாது." பிறகு பெட்டியைத் தட்டி, "எறங்குங்க, எடம் வந்துடுச்சு" என்றார்.

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. முதலாளி பெட்டியின் மேல் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார். "கலெக்டர் எங்கய்யா?" என்றார்.

"இதோ இருக்காங்களே. மிஸ்ட் கலெக்டர்."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளியின் கை தானாக உயர்ந்து, மாலையைப் பெட்டியின் மேல் போட்டது. அந்த நிமிடத்தில் வேறு எங்கே போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. போட்டுவிட்டு, டிரைவர் காதில், "சாயங்காலமா வந்து எடுத்துட்டுப் போயிடு" என்றார். டிரைவருக்குப் பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அது கேட்டது.

"இது இன்னாங்க செய்யும்?" என்று அவர் மிஸ்டு காலிடம் கேட்டார்.

"உன் வூட்டுக்காரன் சட்டையில எண்ண வுழாம பாத்துக்குவாங்க."

அந்த அம்மா முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, மேளம் வெச்சு, மால போட்டு உள்ள கூப்பிட்டுட்டு, சாயங்காலமே அனுப்பிச்சுடுவீங்களா? வூட்டுக்கு வந்தவங்களுக்கு அப்படித்தான் செய்வீங்களா?" கூட்டம் "அதானே" என்றது. முதலாளி பன்னீர் செம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தன் மேலேயே தெளித்துக்கொண்டார்.

மாலையோடு பெட்டியை அத்தையின் தலையில் ஏற்றினார்கள். மிஸ்டு கால் குழாயை மாட்டி, சுவிட்சைத் தட்டினார். அடுத்த நொடி அத்தையின் எல்லா இடுக்கிலிருந்தும் வெள்ளையாகப் பொங்கியது. இத்தனை நாள் மூலையில் மட்டும் இருந்தது இப்போது ஷாமியானா வரை வந்தது. பட்டு வேட்டிக்கும் தாளிப்பு விழுந்தது. "இதுக்காய்யா மால போட்டேன்?" என்று முதலாளி கத்தினார். மிஸ்டு கால் தலைத் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பர்வீனை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

பர்வீன் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டியருகே கையை வைத்துப் பார்த்தாள். "அண்ணா, இது உறியல. ஊதுது. மூக்குல மாட்ட வேண்டியத வாயில மாட்டியிருக்கீங்க." குழாயைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினாள். இறங்கி வந்து மிஷினை ஓட்டினாள். இரும்பு கடைந்து முடிந்தது. அத்தனை கூட்டத்தின் நடுவில், வெட்கப்படாமல், "அத்த, வரலாமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. உள்ளே தலையை நீட்டி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். எல்லோரும் அந்த இருமலுக்காகக் காத்திருந்தோம். தவில்காரர்கூடக் குச்சியைத் தூக்கிய கை தூக்கியபடி நின்றார். அவள் தொண்டையைச் செருமினாள். பிறகு திரும்பி, "உள்ள ஒரு லைட்டு எரியுதுண்ணா. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள்.

பெட்டி திரும்பிப் போகவில்லை. கொஞ்ச நாளில் பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணிக்கும்கூட வந்தது. கலெக்டரையே தன் ஷெட்டுக்கு வரவழைத்தவன் நான் என்று முதலாளி கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்கிறார்; ஒரு வகையில் பொய்யும் இல்லை.

பர்வீனின் இருமல் ஒரே நாளில் போய்விடவில்லை. குறைந்தது. ஆனால் வீட்டில் ரம்ஜானுக்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னது சொன்னதாகவே இருந்தது. பண்டிகைக்கு லீவு போட்டுப் போனவள், "வூட்ல பேசிப் பாக்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பண்டிகைக்கு மறுநாள் காலை நான் போனபோது, மிஸ்டு கால் எனக்கு முன்னால் வந்து, கேட் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சலான் எல்லாம் அடுக்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கீல் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எண்ணெய் வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் தெருமுனையில் இருந்தது. ஒரு ஸ்கூட்டி திரும்பியது. பின்சீட்டில் பெரிய டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு பர்வீன்.

அவர் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்தார். "இன்னா பெரிய மகாராணி, மணி இன்னா ஆவுது? அத்த எவ்ளோ நேரம் காத்துகினு இருப்பாங்க?" என்று கத்திவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அவள் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வரவில்லை.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது இருக்கும் ஆபீஸில் வாசலில் விரலை வைத்தால் ஒரு மிஷின் 'தேங்க் யூ' என்கிறது. அது எல்லோருக்கும்தான் சொல்கிறது. காலையில் நான் வருகிறேனா இல்லையா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு, நன்றாக இருக்கிற கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரே ஒரு மனிதர் எனக்காகவும் கேட்டில் நிற்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.